மாசாய் இல்லாத செரெங்கெட்டி

2024 ஆகஸ்டில், தான்சானியாவின் கோரோங்கோரோ மேட்டு நிலத்தில், செரெங்கெட்டித் தேசியப் பூங்காவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை மாசாய் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மறித்தனர். சிவப்புப் போர்வை போர்த்த ஆடவரும் மணிமாலை பூண்ட மகளிரும் சாலையை நிறைத்துவிட, அயல்நாட்டுப் பயணிகளை ஏற்றிவந்த வண்டிகள் நகர வழியின்றி நின்றன. பயணிகள்மீது அவர்களுக்குச் சினம் இல்லை. தங்கள் ஊர்களின் பெயர்களையே ஆட்சிப் பட்டியலிலிருந்து நீக்கியதையும், தங்கள் வாக்குரிமை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறொரு மாவட்டத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டதையும் எதிர்த்தே அவர்கள் திரண்டனர். ஊர் மன்றத்திலும் அரசு அலுவலகத்திலும் எழுப்பிய குரல் செவியேறாதபோது, சுற்றுலா வண்டிகள் ஓடும் சாலையில் நின்றால் கேட்கும் என்பது அவர்கள் அறுபத்தைந்து ஆண்டுகளில் கற்ற பாடம்.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் விலங்கு காணச் செல்லும் வழக்கம் நம்மவரிடையேயும் பெருகி வருகிறது. ஒரு காலத்தில் வெள்ளையருக்கே உரியதாயிருந்த அப்பயணத்துக்கு இன்று சென்னையிலும் கோவையிலும் பயண முகவர்கள் குழுச் சேர்க்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, நைரோபி வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ சென்று, தான்சானியாவின் அருசா நகரில் கூரை திறக்கும் வண்டியில் ஏறிவிட்டால் அன்று மாலைக்குள் சிங்கத்தைக் கண்டுவிடலாம். அப்பயணம் தகாதது என்று நாம் கூறவில்லை. வாழ்நாளில் ஒருமுறையேனும் காணத் தக்கது செரெங்கெட்டி. ஆனால் அந்நிலத்தை மனிதன் வாழாத ஆதிக்காடு என்று சொல்லி விற்கிறார்களே, அதை நாம் ஏற்பதற்கில்லை. அப்பொய்யை நம்பி வாங்குவோர் பலர். அதன் விலையை இறுப்பதோ அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த ஒரு மக்களினம்.

முதலில் நிலத்தைச் சொல்வோம். செரெங்கெட்டியின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். வடக்கே எல்லை தாண்டினால் கென்யாவின் மாசாய் மாரா. தென்கிழக்கே கோரோங்கோரோக் காப்புப் பகுதி. அவற்றுக்கு இடைப்பட்டது லொலியொண்டோ. இக்கோடுகளெல்லாம் அரசுகள் வரைந்தவை. அங்குள்ள விலங்கு அறிந்த கணக்கு மழை ஒன்றுதான். மாட்டின் கொம்பும் குதிரையின் பிடரியும் ஆட்டின் தாடியும் ஓருடலில் சேர்ந்த வில்டபீஸ்ட் என்னும் மானினம், ஆண்டு முழுவதும் மழையைத் தொடர்ந்து இந்நிலத்தை ஒருமுறை வலம்வருகிறது. பதின்மூன்று இலட்சம் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் மதிப்பீடு. அவற்றோடு இலட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் தாம்சன் மான்களும் நடக்கின்றன.

ஏன் இந்த நடை என்பதற்கு விடை மண்ணில் இருக்கிறது. தெற்குச் சமவெளிகளில் படிந்திருப்பது எரிமலைச் சாம்பல். மாசாய் மக்கள் தெய்வமலையாகத் தொழும் ஒல் தொய்ஞோ லெங்காய் இன்றும் கனன்றுகொண்டிருக்கும் எரிமலை. அச்சாம்பல் மண்ணுக்கடியில் இறுகிப் பாறைபோலாகிவிட்டதால் மரவேர் இறங்காது. குட்டைப்புல் மட்டுமே வளரும். அப்புல்லிலோ சுண்ணச் சத்தும் எரியச் சத்தும் மிகுதி. ஈன்ற தாய்க்குப் பால் சுரக்க வேண்டியவை அவையே. எனவே சனவரி இறுதி தொடங்கி மார்ச்சுவரை சூலுற்ற மந்தைகள் அங்கே வந்து சேர்கின்றன. பெரும்பாலான கன்றுகள் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. விழுந்த கன்று சில நிமிடங்களில் காலூன்றி எழுகிறது. சற்று நேரத்தில் தாயின் விலாவை ஒட்டி ஓடுகிறது. சுற்றிலும் கழுதைப்புலியும் சிங்கமும் காத்துக் கிடந்தாலும், ஒரே வேளையில் அத்தனை கன்றுகளைத் தின்று தீர்க்க அவற்றுக்கு வயிறில்லை. மே மாதத்தில் மழை ஓய்ந்ததும் அச்சமவெளியில் குடிநீர் அற்றுப்போகிறது. மந்தை வடமேற்கே குருமெட்டி ஆற்றைக் கடந்து, சூலைக்குப் பின், கோடையிலும் வற்றாத மாரா ஆற்றை அடைகிறது. முதலைகள் கிடக்கும் அவ்வாற்றை மந்தை நீந்திக் கடக்கும் காட்சியே பயணக் கையேடுகளின் அட்டைகளிலெல்லாம் இடம்பெறுவது.

இவ்வளவும் இயற்கையின் செயல். மனிதனுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் வரலாற்றைப் புரட்டவேண்டியிருக்கிறது.

1887-இல் எரித்திரியாவின் மசாவா துறைமுகத்தில் இத்தாலியப் படைக்காக இறக்கப்பட்ட மாடுகளோடு வெக்கை நோய் ஆப்பிரிக்காவில் கால்வைத்தது என்பது வரலாற்றாசிரியர்களிடையே பரவலான கருத்து. அம்மாடுகள் இந்தியாவிலிருந்து சென்றவை என்றும் கூறுவர். சில ஆண்டுகளில் அந்நோய் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் பரவித் தென்முனைவரை சென்றது. மாடுகள் மாண்டன. எருமையும் வில்டபீஸ்ட்டும் மாண்டன. பாலும் குருதியும் இறைச்சியும் மாட்டிடமிருந்தே பெற்று வாழ்ந்த மாசாய் மக்கள் பட்டினியில் வீழ்ந்தனர். பெரியம்மையும் வறட்சியும் உடன் சேர்ந்துகொண்டன. 1892-இல் கோரோங்கோரோப் பெருங்குழியை அடைந்த ஆஸ்திரியப் பயணி ஓஸ்கார் பௌமன், எலும்பும் தோலுமாய் நின்ற மாசாய்க் கூட்டத்தைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். மாடு மேயாத புல்வெளியில் புதர் மண்டியது. புதரில் செட்சி ஈ பெருகியது. ஈ பரப்பிய உறக்க நோய்க்கு அஞ்சி எஞ்சியவர்களும் பல இடங்களை விட்டு அகன்றனர். அடுத்த தலைமுறையில் துப்பாக்கியோடும் நில அளவைச் சங்கிலியோடும் வந்த வெள்ளையர், ஆளற்றுக் கிடந்த அந்த வெளியைக் கண்டு, படைப்புக் காலந்தொட்டு அது அப்படியே இருந்ததாக எண்ணிவிட்டனர். கொள்ளைநோய் துடைத்துப் போட்ட வீட்டை, குடியே இல்லாத வீடு என்று அவர்கள் பதிவுசெய்தார்கள்.

வெக்கை நோய் நீங்கிய கதை இதனினும் நுட்பமானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வில்டபீஸ்ட் கன்றுகள் தாய்ப்பாலின் காப்பு நீங்கியதும் ஆண்டுதோறும் கூட்டமாய்ச் செத்தன. நோயின் உறைவிடம் மான்களா, மாடுகளா என்பதில் ஐயம் இருந்தது. 1950-களிலும் 60-களிலும் பூங்காவைச் சூழ்ந்த ஊர்களின் மாடுகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் தடுப்பூசி போட்டுவந்தார்கள். நைரோபியை அடுத்த முகுகாவில் வால்டர் பிளௌரைட் உருவாக்கிய தடுப்பூசி இதில் பெருந்துணையாயிற்று. ஊசி போட்டது மாட்டுக்கு. நோய் நீங்கியதோ மானுக்கும். காட்டுக்குள் சென்று ஒரு மானைத் தொடாமலே அதன் கன்றுகள் பிழைக்கலாயின. 1961-இல் இரண்டரை இலட்சத்தையொட்டி இருந்த வில்டபீஸ்ட் 1977-இல் பதின்மூன்று இலட்சத்தை எட்டியது. மந்தை பெருகியதால் புல் மேயப்பட்டது. புல் குறைந்ததால் காட்டுத்தீ குறைந்தது. தீக்குத் தப்பிய மரக்கன்றுகள் மரங்களாயின. 2011-இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்று மாரா ஆற்றங்கரையில் நின்று பயணி வியக்கும் பெருமந்தை, மாசாய் முதலான மேய்ப்பர்களின் பட்டிகளில் மாட்டின் தோலில் ஏறிய ஊசியால் பெருகியது. பயணியின் கையிலுள்ள வண்ணத்தாளில் இச்செய்தி இல்லை.

நேர்மாறான சான்றும் உண்டு. 1994-இல் செரெங்கெட்டியின் சிங்கங்கள் வலிப்புக் கண்டு விழுந்து இறந்தன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மடிந்தது. தொகையில் ஆயிரத்தையொட்டி வரும். ஊர் நாய்களிடையே இருந்த ஒரு தொற்றுநோயே காரணம் என்று கண்டறிந்தனர். அதன்பின் சுற்றியுள்ள ஊர்களில் நாய்களுக்கு ஊசி போடும் பணி தொடங்கியது. பூங்காவுக்கு வேலி இல்லை; நோய்க்கும் நலத்துக்கும் அங்கே எல்லைக்கல் ஒரு பொருட்டில்லை. ஊரை விரோதியாக்கிவிட்டு உள்ளிருக்கும் அரிமாவைக் காக்க இயலாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. வில்டபீஸ்ட் கன்றின் மூக்குநீரிலும் கண்ணீரிலும் ஒரு நச்சுயிரி கலந்திருக்கிறது. கன்றுக்கு அதனால் தீங்கில்லை. அதே புல்லில் வாய்வைக்கும் மாட்டுக்கு அது கூற்று; தொற்றினால் பிழைப்பது அரிது. எனவே, ஈனும் பருவம் வந்ததும் மாசாய் மேய்ப்பர்கள் தம் மாடுகளைக் குட்டைப்புல் வெளியிலிருந்து அகற்றி மேட்டு நிலங்களுக்கு ஓட்டிவிடுவார்கள். ஆண்டிலேயே சிறந்த புல், ஆண்டிலேயே சிறந்த வேளையில், மானுக்கென்று விடப்படுகிறது. கன்றுகள் சில மாதம் வளர்ந்து நச்சுநீங்கிய பின்னரே மாடு இறங்கும். சட்டமும் காவலரும் இட்ட கட்டளையன்று இது. மாட்டைக் காக்கத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த ஒழுங்கு. அதனால் மானுக்கு வாய்த்த நன்மையை அளந்து சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. காட்டு விலங்கை உண்பதை இழிவாகக் கருதும் மரபும் அம்மக்களிடம் நெடுங்காலமாக உண்டு. சிங்கத்தை ஈட்டியால் கொன்ற வழக்கமும் இருந்தது. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர்கள் மேய்த்த நிலத்தில்தான் ஆப்பிரிக்காவிலேயே மிகுதியான விலங்குகள் எஞ்சின என்பதற்கு ஆட்சியாளர் மறுமொழி சொன்னதில்லை.

1951-இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவாயிற்று. சில ஆண்டுகளில் பிராங்பர்ட் விலங்குக்காட்சிச் சாலையின் தலைவர் பெர்னார்டு கிரிசிமெக், தம் மகன் மைக்கேலுடன், வரிக்குதிரைக் கோடுகள் தீட்டிய சிறு வானூர்தியில் வந்திறங்கினார். மந்தைகளை வானிலிருந்து எண்ணினார்கள். அவை நடக்கும் தடங்களை வரைந்தார்கள். 1959 சனவரியில் ஒரு பாறு மோதி வானூர்தி வீழ்ந்து மைக்கேல் இறந்தார். பெருங்குழியின் விளிம்பில் அவரை அடக்கம் செய்தார்கள். பின்னாளில் தந்தையும் அதே இடத்தில் துயில்கொண்டார். அவர்கள் எடுத்த ஆவணப்படம் ஆஸ்கார் விருது பெற்றது. உலகம் செரெங்கெட்டி என்னும் பெயரைக் கேட்டதே அதன் வழியாகத்தான். அவர்கள் தொண்டை நாம் போற்றுகிறோம். அவர்கள் திரட்டிய நிதியும் பரப்பிய அக்கறையும் இல்லையேல் அப்புல்வெளி துண்டு துண்டாகியிருக்கக்கூடும். ஆனால், தேசியப் பூங்காவுக்குள் எம்மனிதரும், மண்ணின் மைந்தரேயாயினும், வாழலாகாது என்பதும் அவர்களது கொள்கை. மகனை அம்மண்ணுக்கு ஈந்த தந்தையின் சொல் என்பதால் அக்கொள்கையை எதிர்த்துப் பேச அன்று பலருக்கு நா எழவில்லை. துயரத்தின் எடையால் ஒரு கருத்து உண்மையாகிவிடாது.

1958-இல் மாசாய் முதியோர் பன்னிருவரின் ஒப்பத்தோடு ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. மாசாய் செரெங்கெட்டியை விட்டு விலகுவர். கோரோங்கோரோவில் அவர்களுக்கு வாழும் உரிமை உண்டு. 1959-இல் கோரோங்கோரோ தனிக் காப்புப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. விலங்கின் நலமும் மனிதரின் நலமும் முரண்பட்டால் மனிதர் நலமே முதன்மை பெறும் என்று அன்றைய ஆங்கிலேய ஆளுநர் மாசாய்ப் பேரவையில் வாக்களித்தார். விடுதலையை நெருங்கிய நிலையில், 1961-இல், நாட்டின் தலைவர் ஜூலியஸ் நைரேரே அருசாவில் வெளியிட்ட அறிக்கை, வனவிலங்கைக் காப்பதைப் புதிய நாட்டின் கடமையாக ஏற்றது. விடுமுறையில் முதலை பார்த்துக்கொண்டிருக்கத் தமக்கு ஆவல் இல்லை, ஆயினும் பார்க்க ஆவலுற்றோர் பணத்தோடு வருவர் என்று அவர் கூறியதாகச் சொல்வதுண்டு. நேர்மையான பேச்சு. அறநெறி பேசிக்கொண்டே கட்டணம் வாங்குவதைவிட அது மேல்.

வாக்குறுதி அதன்பின் என்னவாயிற்று? 1974-இல் பெருங்குழிக்குள் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1975-இல் காப்புப் பகுதியில் பயிரிடல் தடுக்கப்பட்டது. 1992-இல் தளர்த்தி, 2009-இல் மீண்டும் தடுத்தார்கள். மாடு குறைந்து பால் குறைந்த குடும்பத்துக்குச் சிறிது சோளமும் அவரையும் விளைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. 2022 சூனில் லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தைக் காப்பு நிலமாகப் பிரிக்க எல்லைக்கல் நடவந்த காவற்படைக்கும் ஊராருக்கும் மோதல் மூண்டது. அம்பு பாய்ந்து காவலர் ஒருவர் இறந்தார். ஊரார் பலர் குண்டடிபட்டனர். பலர் கென்ய எல்லை தாண்டி ஓடினர். அந்நிலத்தில் 1990-களிலிருந்து வேட்டை உரிமை பெற்றிருந்தது, அமீரக அரச குடும்பத்தாரோடு தொடர்புடைய ஒரு நிறுவனம். மாடு மேய்வது இயற்கைக்குக் கேடு. பணம் தந்து சுடுவது கேடன்று! இந்த நியாயத்தை எந்த மன்றத்தில் ஒப்புவிக்க முடியும்?

அரசின் தரப்பையும் கேட்போம். 1959-இல் கோரோங்கோரோவில் எண்ணாயிரம்பேர் அளவில் இருந்தனர். இன்று அத்தொகை ஓர் இலட்சத்தையொட்டி நிற்கிறது. மாடும் ஆடும் பெருகியுள்ளன. மக்கள் ஏழ்மையில் உழல்கின்றனர். எனவே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் ஹாண்டேனி மாவட்டத்து முசொமேராவில் வீடும் நிலமும் தந்து, விரும்பியவர்களை மட்டுமே குடியேற்றுகிறோம் என்கிறது அரசு. மக்கள்தொகைப் பெருக்கம் உண்மை. அதைப் பொய்யென்று வாதிடுவோர் மாசாய்க்கு நன்மை செய்பவரல்லர். நிலம் பெருகாமல் மந்தை பெருகினால் புல் தாங்காது என்பது அம்மேய்ப்பர்களே அறிந்தது. ஆனால் அந்நெருக்கடியின் முதற்காரணம், செரெங்கெட்டியிலிருந்து அகற்றி ஒரு மூலையில் ஒதுக்கியது அன்றோ? நடமாட்டமே உயிராகக் கொண்ட தொழிலை நான்கு எல்லைக்குள் அடைத்துவிட்டு, நெருக்கம் மிகுந்துவிட்டதென்று மீண்டும் அகற்றுவது எவ்வகை முறை? அதே மேட்டு நிலத்தில், பெருங்குழியின் விளிம்பெங்கும், வெந்நீர்க் குளியல் தொட்டியோடு விடுதிகள் எழுந்து நிற்கின்றன. புல்லுக்கும் நீருக்கும் பஞ்சம் என்போர் அவ்விடுதிகள் இறைக்கும் நீரையும் கணக்கில் சேர்க்கட்டும்.

பூங்காவின் உள்ளே, மோரு பாறைக் குன்றுகளில், ஒரு பாறையின் அடிமுகத்தில் மாசாய் வீரர்களின் கேடயங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. செந்நிறமும் வெண்மையும் கருமையும் இன்றும் மங்கிவிடவில்லை. சற்றுத் தள்ளி, தட்டினால் ஓசையெழுப்பும் பெரும்பாறை ஒன்று உண்டு. வழிகாட்டி வண்டியை நிறுத்தி இவற்றைக் காட்டுவார். குகை ஓவியம் காணும் பணிவோடு பயணிகள் படம் எடுத்துக்கொள்வார்கள். ஓவியம் தீட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கிருந்து சில மணிநேரப் பயணத்தொலைவில் உயிரோடிருக்கிறார்கள். அப்பாறையருகே மாடு ஓட்டிவந்தால் தண்டம் கட்டுவார்கள். நிலத்தைச் சொல்லும்போது அங்கு வாழும் மாந்தரையும் அவர்தம் தொழிலையும் பறையையும், விலங்கோடும் மரத்தோடும் ஒரே கருப்பொருள் வரிசையில் வைத்தது தமிழர் திணைக்கோட்பாடு. முல்லையிலிருந்து ஆயரை நீக்கிவிட்டு மானையும் புல்லையும் மட்டும் முல்லை என்று காட்டினால் நமக்கு அது குறைப்பட்ட நிலமாகவே தோன்றும். தான்சானியாவில் அந்தக் குறையே அழகென்று விற்கப்படுகிறது.

விலங்குக்காவது அமைதி கிடைத்ததா என்று பார்த்தால், அதுவும் ஐயத்துக்குரியது. கடக்கும் பருவத்தில் வட செரெங்கெட்டியின் கொகடெண்டே கரையில் நிகழ்வதைக் காண்க. மந்தை மேட்டில் வந்து குவிகிறது. முன்வரிசை நீர்விளிம்புவரை இறங்கி, மோந்து, தயங்கி, திரும்புகிறது. பின்னால் வருவது முட்டித் தள்ளுகிறது. இப்படி மணிக்கணக்கில் நடக்கும். அதுவரை புதர்மறைவில் காத்திருக்கவேண்டும் என்பது விதி. முதல் மான் நீரில் குதித்ததாக வானொலியில் ஒரு குரல் எழுந்ததும் எல்லா வண்டிகளும் ஒருசேரச் சீறிக் கரைக்குப் பாய்கின்றன. புழுதி எழுகிறது. நல்ல இடம் பிடிக்க வண்டிக்கு வண்டி குறுக்கே வருகிறது. மந்தை இறங்கவேண்டிய சரிவிலேயே சக்கரங்கள் நிற்கின்றன. கூரைக்கு மேல் கைப்பேசிகள் நீள்கின்றன. சிலர் இறங்கியும் நிற்கிறார்கள். வழி அடைபட்ட மந்தை கலைந்து, செங்குத்தான வேறொரு கரையில் விழுகிறது. கன்று தாயைப் பிரிகிறது. மாசாயின் மாடு மந்தையின் தடத்தை மறிக்கும் என்று அஞ்சி மாட்டை விலக்கினார்கள். மாடு நின்ற இடத்தில் இன்று வண்டி நிற்கிறது.

வண்டியோட்டியைக் கடிந்து பயனில்லை. பின்னிருக்கையில் இருப்பவர் ஒரு நாள் நுழைவுக்கு மட்டும் செரெங்கெட்டியில் 60, 70 டாலரும் வரியும் கட்டியவர். மாசாய் மாராவில் 2024 முதல் ஆண்டின் பிற்பாதியில் அது 200 டாலர். விடுதிக்கும் வண்டிக்கும் தந்தது தனி. சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் ஆகிய ஐந்தையும் மூன்று நாளில் காட்டிவிட வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. வெள்ளை வேட்டைக்காரர்கள் நடந்து சென்று சுடுவதற்கு அரியவை என்று வகுத்த பட்டியல் அது. துப்பாக்கி போய்ப் படக்கருவி வந்தபின்னும் பட்டியல் மாறவில்லை. ஓட்டுநரின் ஊதியத்தில் பெரும்பகுதி பயணி இறங்கும்போது தரும் அன்பளிப்பைப் பொறுத்தது. சிவிங்கிப்புலி வேட்டையாடும் வேளையில் பத்து வண்டிகள் சூழ்ந்தால் அது பசியோடு படுத்துவிடும் என்பதை அந்த ஓட்டுநர் நம்மைவிட நன்கு அறிவார். அறிந்தும் நெருங்குகிறார். எனவே விதியைக் கடுமையாக்கும் பொறுப்பு அரசுடையது. விதி மீறச் சொல்லாதிருக்கும் பொறுப்பு பயணியுடையது. கரைக்கு இத்தனை வண்டிதான் என்று அளவிட்டு, மீறிய நிறுவனத்தின் உரிமத்தை அப்பருவம் முழுவதும் நிறுத்திவைப்பதைவிட எளிய மருந்து நமக்குத் தோன்றவில்லை.

சுற்றுலாவே வேண்டாம் என்பார்க்கு நாம் உடன்படோம். 2020-இல் பெருந்தொற்றால் வானூர்திகள் நின்றபோது, காவலருக்கு ஊதியம் தரவும் பணமின்றிப் பல காப்பகங்கள் திணறின. பூங்காவின் மேற்கெல்லையில் கம்பிக் கண்ணிகளில் சிக்கி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட் மடிகிறது; வறுமையில் இறைச்சி தேடுவோர் வைக்கும் கண்ணிகள் அவை. அவற்றை அகற்றித் திரியும் ஆட்களுக்குக் கூலி பயணியின் பணத்திலிருந்தே வருகிறது. 2010-இல் வட செரெங்கெட்டியை ஊடறுத்து 50 கிலோமீட்டருக்கும் மேல் நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டபோது உலகெங்கும் எழுந்த எதிர்ப்பில் அங்கு சென்றுவந்தோரின் குரலும் கலந்திருந்தது. 2014-இல் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் அங்கே தார்ச்சாலை அமைப்பதைத் தடுத்தது. சரக்குந்துகள் மந்தையை இரண்டாய் வெட்டாமல் நின்றதற்கு அது ஒரு காரணம்.

வேறு வழியும் இல்லாமலில்லை. எல்லைக்கு அப்பால், கென்யாவின் மாரா பூங்காவை அடுத்து, மாசாய்க் குடும்பங்கள் தங்கள் பட்டா நிலங்களை ஒன்றுசேர்த்துக் காப்பகங்களாக்கி விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கின்றன. நபோய்ஷோ, ஓல் கின்யெய், ஒலாரே மோட்டோரோகி ஆகியவை அவற்றுள் சில. விலங்கு கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் மாதந்தோறும் நிலக்காரருக்குக் குத்தகைப் பணம் வருகிறது. படுக்கை எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு சிங்கத்தைச் சுற்றி இத்தனை வண்டிக்குமேல் நிற்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. மழை பொய்த்தால் முறைவைத்து மாடும் மேய்கிறது. குறை இல்லாத ஏற்பாடு என்று இதை நாம் புகழமாட்டோம். பட்டா இல்லாத இளையோருக்கும் பெண்டிருக்கும் குத்தகையில் பங்கு சேர்வதில்லை என்ற முறையீடு உண்டு. சுற்றுலா நின்ற ஆண்டில் குத்தகை குறைக்கவும் பட்டது. ஆயினும் நிலத்துக்கு உரியவன் யார் என்ற கேள்விக்கு அங்கே விடை தெளிவு. விலங்கு வாழ்வதால் மேய்ப்பனுக்கு வருவாய், மேய்ப்பன் நிலம் பிளக்காததால் விலங்குக்கு வழி என்ற கணக்கும் தெளிவு.

இங்கிருந்து புறப்படுவோர் முகவரிடம் சிலவற்றைக் கேட்டுப் பெறலாம். தங்கப்போகும் விடுதி நிற்பது எவர் நிலத்தில், குத்தகை எவருக்குச் செல்கிறது, கரையில் வண்டி நிறுத்தும் விதியை அந்நிறுவனம் கைக்கொள்கிறதா என்று கேட்டால் முகவர் முதலில் திகைப்பார். பத்துப்பேர் கேட்டால் விடை தேடிவைப்பார். மாசாய் ஊர் காட்டுகிறோம் என்று அழைத்துச் சென்று, குதித்து ஆடச்செய்து, அரைமணியில் மணிமாலை விற்று அனுப்பும் கூத்தில் ஊராருக்குச் சேர்வது மிகச் சிறிது என்பதையும் அறிந்து செல்லட்டும்.

தான்சானிய அரசுக்கு நாம் கூறுவது ஒன்றே. சாலை மறியலுக்குப் பின் நீதிமன்றம் ஊர்நீக்க ஆணையை நிறுத்திவைத்தது. குடியரசுத் தலைவர் சாமியா சுலுகு ஹாசன் மாசாய்த் தலைவர்களை அழைத்துப் பேசி, நிலச்சிக்கலையும் குடியேற்றத்தையும் ஆராய இரு ஆணையங்களை அறிவித்தார். அவை வரவேற்கத்தக்கவை. ஆனால் முசொமேராவுக்குச் செல்வோர் விரும்பியே செல்கின்றனர் என்னும் அரசின் கூற்று, ஆணையம் இல்லாமலே மெய்ப்பிக்கக்கூடியது. 2022 முதல் கோரோங்கோரோவில் எண்டுலென் மருத்துவமனையின் தரம் குறைக்கப்பட்டது. தொலைவிலுள்ள ஊர்களுக்குப் பறந்து சென்று மருந்தளித்த வான்வழி மருத்துவப் பணி நிறுத்தப்பட்டது. பள்ளிகளுக்கான நிதி திசைதிருப்பப்பட்டதென ஊரார் முறையிட்டனர். பேறுகாலத்துப் பெண்ணுக்கு மருத்துவமனை இல்லாத ஊரிலிருந்து ஒரு குடும்பம் வெளியேறினால் அதை விருப்பம் என்று எழுதிக்கொள்ளலாகாது. மருத்துவமனையைப் பழையபடி திறக்கட்டும். வானூர்தி மீண்டும் பறக்கட்டும். பள்ளிக்கு ஆசிரியர் வரட்டும். ஊர்கள் பட்டியலிலும் வாக்குச்சாவடி ஊரிலும் நிலைக்கட்டும். அதன்பின் எத்தனை குடும்பங்கள் முசொமேராவுக்கு வண்டி ஏறுகின்றன என்று எண்ணி, அத்தொகையை அரசு வெளியிடட்டும்.